“உங்க ஒரு நாள் எப்படிப் போகும்?”

சிறுநீரகம் செயலிழக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “ரத்த டயாலிசிஸ் நல்லதா, வயித்து டயாலிசிஸ் நல்லதா, இல்ல நேரா மாற்று ஆபரேஷனுக்கே போயிடலாமா?” இரவெல்லாம் மெஷினோடு படுத்து எழுகிறவள் என்பதால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: “உங்களைப் பத்தி உங்க டாக்டருக்கு என்னென்ன தெரியும்?” கிரியாட்டினின் தெரியும், ஹீமோகுளோபின் தெரியும், ஸ்கேனில் சிறுநீரகம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரியும் என்பார்கள். என்ன வேலை செய்கிறீர்கள், வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், எதை விட்டுக்கொடுக்க முடியும், எது போனால் தாங்கமாட்டீர்கள் என்பது தெரியுமா என்றால் பேச்சு நின்றுவிடும். இதெல்லாம் தெரியாமல் ஒருவருக்கு எது நல்லது என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

நான் வயலின் சொல்லிக்கொடுப்பவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இளம் வயதிலேயே சிறுநீரில் ரத்தம் போவதைக் கண்டுபிடித்து, பயாப்ஸி எடுத்துப் பார்த்து, ஐஜிஏ நெஃப்ரோபதி என்றார்கள். நோய்க்கிருமிகளை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் ஒரு புரதம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படிந்து அவற்றை மெல்ல மெல்லக் கெடுக்கும் நோய் இது. ரத்த அழுத்த மாத்திரையும் பரிசோதனையுமாகப் பல வருடங்கள் ஓடின. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் எண் 15-ஐ நெருங்கியபோது, அப்போது பார்த்துவந்த மருத்துவர் சொன்னார்: “இடது கையில ஃபிஸ்டுலா போட்டுடலாம். சர்ஜனுக்கு எழுதிட்டேன். நரம்பு தடிச்சு ஊசி குத்தற அளவுக்கு வர ரெண்டு மூணு மாசம் ஆகும், தள்ளிப்போடாதீங்க.”

அவர் சொன்னதில் மருத்துவப்படி குறை எதுவும் இல்லை. ஃபிஸ்டுலா என்பது கையில் ஓடும் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பது. தமனியின் வேகத்தில் ரத்தம் பாய்ந்து பாய்ந்து சிரை தடித்துப் போகும், அதில்தான் டயாலிசிஸ் ஊசி இரண்டும் குத்துவார்கள். 1966-இல் பிரெஸ்சியா, சிமினோ என்ற மருத்துவர்கள் தங்கள் சகாக்களோடு வெளியிட்ட முறை இது. இன்றுவரை இதற்குத்தான் முதலிடம். முன்கூட்டிப் போட்டு வைக்காவிட்டால் அவசரத்தில் கழுத்துச் சிரையில் குழாய் செருக வேண்டியிருக்கும், அதில் கிருமித் தொற்று அதிகம். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது கையில் போடுவதும் வழக்கம்தான். எல்லாம் சரி. ஆனால் ரத்த டயாலிசிஸ் தவிர வேறு வழிகள் இருப்பதை அவர் சொல்லவில்லை. இடது கை என்றதும் என் முகம் ஏன் மாறியது என்றும் கேட்கவில்லை. வெளியில் நின்ற கூட்டம் அவரை விரட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, ஆனால் பயம் இருந்தது. அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

என் மகள்தான் பிடிவாதமாக இன்னொரு நெஃப்ராலஜிஸ்டிடம், அதாவது சிறுநீரக மருத்துவரிடம், அழைத்துப் போனாள். அந்த அம்மா ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பார்த்து முடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்விதான் இந்தப் பதிவுக்குத் தலைப்பு. “காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கற வரைக்கும் சொல்லுங்க.” காலையில் நான் மட்டும் உட்கார்ந்து வாசிக்கும் நேரத்தைச் சொன்னேன். மதியத்துக்கு மேல் பிள்ளைகள் வரத் தொடங்கி இருட்டும்வரை பாடம் நடப்பதைச் சொன்னேன். சனி ஞாயிறுதான் கூட்டம் அதிகம் என்றேன். “வயலின்ல எந்தக் கைக்கு என்ன வேலை?” என்றார். வலது கையில் வில், இடது கையின் நான்கு விரல்களும் தந்தியில் என்றேன். என் இடது கையை வாங்கி விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். தந்தி அழுத்தி அழுத்திக் காய்ப்பு ஏறிய நுனிகள். “இந்தக் கையிலயா ஃபிஸ்டுலா போடச் சொல்லியிருக்காங்க?”

பிறகு விளக்கினார். ஃபிஸ்டுலா வழியாக ரத்தம் குறுக்கே திரும்பிவிடுவதால் சிலருக்கு விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தம் குறையும். விரல் சில்லிட்டுப் போகலாம், மரத்துப் போகலாம், வலிக்கலாம். “முன்னங்கையில போட்டா அந்த ஆபத்து குறைவு, முழங்கைக்கு மேல போட்டா கொஞ்சம் அதிகம். உங்களுக்கு வரும்னு நான் சொல்லல. வந்தா மத்தவங்க சமாளிச்சுடுவாங்க. உங்களுக்கு அதோட பாடமே நின்னுடும். இதை நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?”

இந்த ஒரு தகவலுக்காக எந்த ரத்தப் பரிசோதனையும் தேவைப்படவில்லை. என் கையைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் ஃபிஸ்டுலாவைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் ஒரே மேஜைக்கு வந்தன, அவ்வளவுதான். அதற்கு முன்னால் இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன.

அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். எண் இறங்கினால் உடனே மெஷின் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்து நடத்திய ‘ஐடியல்’ ஆய்வைப் பற்றி அவர் சொன்னார். 2010-இல் வெளியானது. ஒரு குழுவினருக்கு வடிகட்டும் அளவு 10 முதல் 14 வரை இருக்கும்போதே டயாலிசிஸ், மற்றவர்களுக்கு 5 முதல் 7 வரை இறங்கும்வரை காத்திருப்பு. கடைசியில் உயிர் பிழைத்திருந்ததில் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் காத்திருக்க வேண்டிய குழுவிலும் முக்கால்வாசிப் பேர் அந்த எண்ணைத் தொடும் முன்பே உபாதைகள் வந்து தொடங்க வேண்டியிருந்தது. “அதனால எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம், உங்களையும் சேர்த்துப் பார்ப்போம்” என்றார். குமட்டல், பசியின்மை, மூச்சுத் திணறல், அடங்காத வீக்கம், புத்தி மந்தமாவது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போன் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினார். வயது, பாலினம், ஈஜிஎஃப்ஆர், சிறுநீரில் ஒழுகும் ஆல்புமின் என்ற புரதம் ஆகிய நான்கையும் வைத்து, இரண்டு வருடத்திலும் ஐந்து வருடத்திலும் சிறுநீரகம் முழுதாகச் செயலிழக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்லும் சூத்திரம். 2011-இல் கனடாவிலிருந்து வந்தது. இரண்டு வருட வாய்ப்பு 40 சதவீதத்தைத் தாண்டினால் எந்தச் சிகிச்சை என்ற பேச்சையும் அதற்கான ஆயத்தத்தையும் தொடங்கலாம் என்று சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச அமைப்பான கேடிகோ 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. என்னுடையது அதைத் தாண்டியிருந்தது. இதைக் கேட்டு நான் இடிந்து போகவில்லை. ‘சீக்கிரம்’, ‘கொஞ்ச நாள்ல’ என்றெல்லாம் கேட்டுக் கேட்டுத் தூக்கம் போயிருந்த எனக்குக் கையில் பிடிக்க ஓர் எண் கிடைத்தது.

அதன்பின் ஒவ்வொரு முறையும் ஒரு வழியை எடுத்துக்கொண்டு பேசினோம். என்ன கிடைக்கும் என்பதோடு என்ன போகும் என்பதையும் சொன்னார். டயாலிசிஸ் மையத்துக்குப் போய்ச் செய்வதென்றால் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். அதில் போக்குவரத்து சேராது, முடிந்தபின் படுத்தே கிடக்க வேண்டிய சோர்வும் சேராது. அந்தச் சோர்வு சிலருக்கு ஒரு மணி நேரத்தில் போகும், சிலருக்கு மறுநாள் காலைதான் தெளியும். ஆனால் அங்கே எல்லாவற்றையும் நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள், வீடு வீடாகவே இருக்கும். ‘என் நோய் ஆஸ்பத்திரியோட இருக்கட்டும், வீட்டுக்குள்ள வர வேண்டாம்’ என்று சொல்லி அதைத் தேர்ந்தெடுத்தவர்களை எனக்குத் தெரியும். அது முழுக்க நியாயமான காரணம்.

வயிற்று டயாலிசிஸில் ரத்தம் வெளியே வராது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வே வடிகட்டி. மெல்லிய குழாய் ஒன்றை வயிற்றில் நிரந்தரமாகப் பொருத்துவார்கள். அதன் வழியே திரவத்தை உள்ளே விட்டால் கழிவும் மிகுதி நீரும் அதில் இறங்கும், சில மணி நேரம் கழித்து வடித்து எடுத்துவிட வேண்டும். கையாலேயே செய்தால் பெரும்பாலும் ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் போல ஆகும். மெஷின் வைத்துக்கொண்டால் இரவு 8 முதல் 10 மணி நேரம் தூங்கும்போதே அது பார்த்துக்கொள்ளும். நான் கேட்டது ஒன்றுதான்: “அப்போ பகல் பூரா எனக்கா?” “பெரும்பாலும் உங்களுக்குத்தான்” என்றார். “ஆனா ராத்திரி மெஷினுக்கு. அலாரம் அடிச்சா எழுந்திருக்கணும். குழாய் தொடும்போது கை சுத்தத்துல ஒரு தடவைகூட அலட்சியம் கூடாது. லீவே கிடையாது. பெட்டி பெட்டியா திரவம் வந்து இறங்கும், வைக்க இடம் வேணும். ஒப்புக்கறீங்களா?”

இப்போது அதுதான் என் ஏற்பாடு. படுக்கப் போகும் முன் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் கட்டி, சோப்புப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகுதான் குழாய் மூடியைத் தொடுவேன். காலையில் முதல் வேலை வெளியே வந்த திரவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது. பைக்குப் பின்னால் அச்செழுத்தைப் பிடித்தால் படிக்க முடிய வேண்டும். கலங்கியிருந்தால், கூடவே வயிறு வலித்தால், காய்ச்சல் அடித்தால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம், பையையும் எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்ப வேண்டும். ஒரு முறை எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. ஆன்டிபயாடிக்கைத் திரவத்திலேயே கலந்து உள்ளே ஏற்றிச் சரிசெய்தார்கள். வலி கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் இப்படி ஒன்று நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வோம் என்று முன்பே பேசியிருந்ததால் திகைப்பு இல்லை. யாரோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றவில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பற்றிய பேச்சு இவ்வளவு சுலபமாக இல்லை. பொருந்தும் கொடையாளி இருந்து, உடம்பும் தாங்கும் என்றால் பலருக்கும் அதுதான் ஆயுளிலும் அன்றாட வாழ்விலும் மேலான வழி. டயாலிசிஸைத் தொடாமல் முன்கூட்டியே செய்துகொள்ள முடிந்தால் இன்னும் நல்லது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே இரட்டையரில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வைத்ததுதான் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று. அச்சில் வார்த்தது போன்ற இரட்டையர் என்பதால் உடம்பு எதிர்க்கவில்லை. மற்ற எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை, சிறுநீரகம் வேலை செய்யும் காலமெல்லாம் வேளை தவறாமல் வேண்டும். அதனால் வரும் தொற்றுகளும், சில வகைப் புற்றுநோய்க்கான கூடுதல் வாய்ப்பும் கணக்கில் வர வேண்டும்.

என் தம்பி உடனே முன்வந்தான். பரிசோதனையில் அவனுக்கே ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்து என் மகள். “நான் தரேன்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு?” நான் முடியவே முடியாது என்றேன். அவளுக்குக் கோபம், எனக்கு அழுகை. டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார்: “வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. தரேன்னு சொல்ல அவங்களுக்கும் உரிமை இருக்கு. ஆனா ரெண்டு பேரும் எதுக்காகச் சொல்றீங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியுமா?” என் காரணம் வெறும் பயம். மகள் தனியாக வேறொரு மருத்துவரைப் பார்த்தாள். கொடையாளியின் நலனை மட்டும் பார்க்க, நோயாளிக்குச் சம்பந்தமில்லாத மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது நல்ல நடைமுறை. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது என்று அவள் சொன்னதும் அவர் ஓர் ஆய்வை எடுத்துக் காட்டினார். கனடாவில் சிறுநீரகம் கொடுத்த பெண்களை அவர்களைப் போன்றே ஆரோக்கியமாக இருந்த மற்ற பெண்களோடு ஒப்பிட்டு 2015-இல் வந்தது. கர்ப்பகாலத்தில் உயர் ரத்த அழுத்தமோ, அது முற்றி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் ப்ரீஎக்லாம்சியாவோ வந்தது கொடுத்தவர்களின் கர்ப்பங்களில் 11 சதவீதம், கொடுக்காதவர்களின் கர்ப்பங்களில் 5 சதவீதம். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவம் நல்லபடியாகவே ஆகியிருந்தது. “கொடுக்கக் கூடாதுன்னு இதுக்கு அர்த்தமில்ல. முதல்ல குழந்தை, அப்புறம் இதைப் பேசலாம்னு நினைச்சா அதுவும் ஒரு வரிசைதான்” என்றாராம். இது மகளே வந்து சொன்னது. அப்படியே இருக்கட்டும் என்று நாங்கள் சேர்ந்து முடிவு செய்தோம். நான் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தேன். என் ‘முடியாது’வை அப்படியே எழுதிக்கொண்டு போயிருந்தால் எங்கள் இருவருக்குள்ளும் அது ஒரு முள்ளாகவே தங்கியிருக்கும்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசும்போது என் அத்தையைச் சொல்லாமல் விட முடியாது. அப்பாவின் அக்கா, எண்பதைத் தாண்டியவர், கடைசி வருடங்களில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். நெடுநாளைய சர்க்கரை, பலவீனமான இதயம், நடக்க வாக்கர். சிறுநீரகமும் கைவிடத் தொடங்கியது. அத்தான்கள் இருவரும் வந்துவிட்டார்கள். மூத்த அத்தான் டாக்டரிடம் சொன்னார்: “எங்களால முடிஞ்சதெல்லாம் செய்யணும் டாக்டர். அம்மாவைச் சும்மா விடக் கூடாது.” டாக்டர், “செய்யத்தான் போறோம். எதைச் செய்யறதுன்னு அம்மாகிட்டயும் கேட்டுடலாமே” என்று நாற்காலியை அத்தை பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அத்தைக்குக் காது மந்தம். ஒவ்வொன்றையும் உரக்க, நிதானமாகக் கேட்டார்.

“அம்மா, இனிமே வர்ற நாள்ல உங்களுக்கு எது முக்கியம்?”

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். “என் படுக்கையில நான் தூங்கணும். பாத்ரூமுக்கு நானே எழுந்து போகணும். இங்க வர வண்டியில ஏறி இறங்கறதே இப்பல்லாம் எனக்குப் பெரிய வேலையா இருக்கு. வாரத்துல மூணு தடவைன்னா அப்புறம் எனக்கு வேற என்ன மிச்சம்?”

டாக்டர் காகிதத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டார். ஒன்று டயாலிசிஸ், மற்றது டயாலிசிஸ் இல்லாத சிகிச்சை. கோட்டின் உச்சியில் ஒரு நட்சத்திரம், அடியில் ஒரு கட்டம், நடுவில் ஒரு நீள்வட்டம். எல்லாம் நல்லபடியாகப் போனால் எப்படி, மோசமாகப் போனால் எப்படி, இவருக்கு எது நடக்கும் என்று தனக்குத் தோன்றுகிறது என்று ஒவ்வொன்றையும் கதை போலச் சொன்னார். விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவர்கள் வயதானவர்களின் பெரிய அறுவை சிகிச்சைகளுக்காக உருவாக்கிய முறை இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். டயாலிசிஸ் கோட்டில் நீள்வட்டம் அடிக்குப் பக்கத்தில் இருந்தது. அது ஏன் என்றும் சொன்னார். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்துகொண்டு டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றி 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வருடத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். எழுவது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற காரியங்களில் முன்பிருந்த நிலை குறையாமல் இருந்தவர்கள் 13 சதவீதம்தான். அத்தை இல்லத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறார், அதனால் அந்த எண் அப்படியே இவருக்குப் பொருந்தாது என்பதையும் டாக்டர் சேர்த்தே சொன்னார். எழுபத்தைந்தைத் தாண்டி, இதயநோயும் மற்ற நோய்களும் கூடி இருப்பவர்களுக்கு டயாலிசிஸால் ஆயுள் கூடுவது பெரிதாகத் தெரியவில்லை என்று இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு ஒன்றையும் குறிப்பிட்டார்.

அத்தானால் தாங்க முடியவில்லை. “அப்போ கையைக் கட்டிட்டு உக்காரச் சொல்றீங்களா?” அவருடைய வேதனை எனக்குப் புரிந்தது. பெற்ற தாய்க்கு ஒரு சிகிச்சையை வேண்டாம் என்று சொன்ன பிள்ளை என்ற பெயரை யாரால் சுமக்க முடியும்? டாக்டர் கோபப்படவில்லை. டயாலிசிஸ் இல்லாத சிகிச்சையும் சிகிச்சைதான் என்றார். ரத்தசோகைக்கு ஊசி, இரும்புச் சத்து. உடம்பெல்லாம் அரிக்கும் அரிப்புக்குக் குறைந்த அளவில் மருந்து. நீர் கோத்து மூச்சு முட்டாமலிருக்க நீர்பிரியும் மாத்திரை. வலிக்கும் குமட்டலுக்கும் சிறுநீரகத்துக்கு ஏற்ற மருந்துகள். வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைக் குழுவின் நர்ஸ் வீட்டுக்கே வருவார். இன்னொரு வழியும் சொன்னார்: சில வாரங்கள் மட்டும் டயாலிசிஸ் செய்து பார்ப்பது, குறித்த நாளில் உட்கார்ந்து பேசுவது, அத்தைக்குப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்துவது. நிறுத்துவது தோல்வி ஆகாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குவது. அத்தானுக்கு அதில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. அத்தை மட்டும் தலையை ஆட்டிவிட்டார். “என் பிள்ளை மனசு எனக்குத் தெரியும். அவன் ஒண்ணும் என்னை விட்டுடல. நான்தான் வேண்டாங்கறேன். இதை எழுதிக்குங்க டாக்டர்.”

எழுதிக்கொண்டார்கள். அந்தக் காகிதத்தின் நகல் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டியிருந்தது. நள்ளிரவில் பதறி யாரும் அத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது என்பதற்காக. அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். கடைசிச் சில வாரங்கள் தவிர பாத்ரூமுக்குத் தானேதான் போனார். நான் பாடம் நடத்தும்போது பக்கத்து அறையிலிருந்து “அந்தப் பொண்ணு சுருதி விலகுறா பாரு” என்று குரல் கொடுப்பார். காது மந்தமான அவருக்கு அது எப்படிக் கேட்டது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். மூத்த அத்தான் இப்போதும் சொல்வது, “அம்மாவே வாயால சொன்னதைக் கேட்டேன், அதனாலதான் எனக்குத் தூக்கம் வருது.”

ஒரே டாக்டர். இருவருக்கும் கைவிட்டது சிறுநீரகம்தான். எனக்கு ஒரு முடிவு, அத்தைக்கு வேறு முடிவு. இரண்டுமே சரி என்றுதான் நான் நம்புகிறேன்.

ஒரு காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் இருந்தது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் கையின் ரத்தக்குழாய்களில் பொருத்தியே வைத்திருக்கும் டெஃப்லான் குழாயைக் கண்டுபிடித்ததால்தான் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய முடிந்தது. மெஷின்கள் மிகச் சில, நோயாளிகள் ஏராளம். யாருக்கு இடம் கொடுப்பது என்று தீர்மானிக்கப் பெயர் வெளியிடாத பொதுமக்கள் ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். வேலை, குடும்பம், வருமானம், சர்ச்சுக்குப் போகிறாரா என்பதையெல்லாம் பார்த்து அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். உயிர் யாருடையதோ அவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் பேசினார்கள். இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. இன்று மெஷின்கள் இருக்கும் இடங்களில்கூட நோயாளி வாய் திறக்காமலே எல்லாம் முடிவாகிவிடுகிறது என்றால், அது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதைப் படிப்பவர்களில் பலருக்கு நிதானமாகப் பேச நேரமே கிடைத்திருக்காது என்று தெரியும். மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்குப் போய், கண் விழிக்கும்போது கழுத்தில் குழாயோடு டயாலிசிஸ் தொடங்கியிருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது: அந்த அவசரத்தில் எடுத்தது அந்த நேரத்து முடிவு. உடம்பு தேறியதும், “எனக்கு வேற என்னென்ன வழி இருக்கு, இப்பவும் மாத்த முடியுமா?” என்று கேட்கலாம். ரத்த டயாலிசிஸிலிருந்து வயிற்று டயாலிசிஸுக்கு மாறியவர்கள் உண்டு, அங்கிருந்து இங்கே வந்தவர்களும் உண்டு. இன்னும் நேரம் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். எந்தச் சிகிச்சை என்று முடிவாகும்வரை முன்னங்கை நரம்புகளில் ஊசி குத்த விடாதீர்கள், ரத்தம் எடுக்கப் புறங்கையைக் காட்டுங்கள். நாளைக்கு ஃபிஸ்டுலா வேண்டியிருந்தால் அந்த நரம்புகள் பத்திரமாக இருக்க வேண்டும்.

டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபிப்பாரோ என்று தயங்குபவர்களும் நிறைய. “நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்பதைவிட, “என்னைப் பத்தித் தெரிஞ்ச அளவுல எனக்கு எதைச் சொல்வீங்க, ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும். செலவைப் பற்றிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பாதியில் விடும்படி ஆகிற சிகிச்சை யாருக்கும் உதவாது. கூட ஒருவரை அழைத்துப் போங்கள், சொன்னதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். “எல்லாத்தையும் நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க டாக்டர்” என்று சொல்ல நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறில்லை. ஆனால் அப்படி விடும் முன் உங்களுக்கு எது முக்கியம் என்பதையாவது சொல்லிவிட்டு விடுங்கள்.

என் வயிற்றுச் சவ்வும் வருடங்கள் போகப் போக அசந்துகொண்டு வருகிறது. சமீபத்துப் பரிசோதனையில் அது நீரை இழுப்பது குறைந்திருப்பதாகத் தெரிந்தது. இது முன்பே பேசி வைத்ததுதான். அடுத்த கட்டத்தைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கேட்க வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். வலது முன்னங்கையில் ஃபிஸ்டுலா போட்டால் வில் பிடிக்கும் மணிக்கட்டு எப்போது பழையபடி அசையும், காலை நேர ஷிஃப்டில் இடம் கிடைத்தால் மதியப் பாடத்துக்குள் தெம்பு வந்துவிடுமா, வீட்டிலேயே ரத்த டயாலிசிஸ் செய்ய நான் கற்றுக்கொள்ள முடியுமா. மகளும் கூட வருகிறாள். அவளுக்கு இப்போது கைக்குழந்தை இருக்கிறது. அவளும் தன் பங்குக்கு ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறாள், அதை டாக்டர் முன்னால்தான் கேட்பாளாம்.